செவியைக் காப்போம்

(நமது ஆலயப் பொன்விழாவை ஒட்டிப் பங்குப் பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற காது மருத்துவ முகாமின் நிறைவு நாளன்று நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழா மலருக்கும் மேடைக்கும் எத்தனையோ நல்ல பொருள்கள் இருக்க, காதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். இந்த ஊரில் விடிவது கோயில் மணியோசையில். படகு கரை சேர்ந்ததை அறிவது இயந்திரச் சத்தத்தில். பிள்ளை பசியால் அழுகிறதா, பயத்தால் அழுகிறதா என்று தாய் அறிவது அதன் குரலில். வள்ளுவரும் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். கண்ணுக்கு ஒரு சிறு தூசி விழுந்தால் துடித்துப் போகிற நாம், காது பல ஆண்டுகளாகச் சீழ் வடித்தாலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நடமாடுகிறோம். அதனால்தான் பேச வந்தோம்.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. நாங்கள் இருவரும் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். எங்கள் தாயார் எங்களுடனேதான் இருந்தார்கள். கடைசிச் சில ஆண்டுகளில் அவர்கள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்கு வேறு எதையோ பதிலாகச் சொல்வார்கள். விருந்தாளி வந்தால் உள் அறைக்குப் போய்விடுவார்கள். "அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம் கூடிவிட்டது" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒருநாள் பேத்தி வந்து, "பாட்டிக்கு நான் சொல்வது காதில் விழவே இல்லை, உதட்டைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறார்கள்" என்றாள். சோதித்துப் பார்த்தபோது இரண்டு காதும் பாதிக்கு மேல் மந்தம். ஊர்க் காதையெல்லாம் பார்த்த நாங்கள், வீட்டில் இருந்த காதைப் பார்க்கவில்லை. கருவி பொருத்திய அன்று அம்மா முதலில் கேட்டது, "இந்தக் காற்றாடி இவ்வளவு சத்தமா போடுகிறது?" என்றுதான். அதன்பின் அவர்கள் எங்களோடு வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள். அதற்கு முன் நாங்கள் இழந்த ஆண்டுகள் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு வருத்தம் உங்கள் வீட்டில் வரக்கூடாது என்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

காது எவ்வாறு கேட்கிறது?

காதை மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் மடலும், அதிலிருந்து உள்ளே செல்லும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயும் வெளிச்செவி. அதன் முடிவில் மேளத்தோல்போல் இழுத்துக் கட்டிய சவ்வே செவிப்பறை. அதற்கு அப்பால் காற்று நிரம்பிய சிறு அறை நடுச்செவி. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடிதான். அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் செல்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, உள்ளே காற்றழுத்தத்தைச் சரிப்படுத்துகிறது. மூன்றாவது அறையான உட்செவி நத்தைக்கூடு போலச் சுருண்டது. அதற்குள் திரவமும், ஏறத்தாழ பதினையாயிரம் நுண்ணிய மயிரணுக்களும் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுவது இவையே. அந்த நத்தைக்குள் ஒலி எப்படி அலையாக ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகவே ஜார்ஜ் வான் பெக்கேஷி என்பவருக்கு 1961-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வெளி அறையிலும் நடு அறையிலும் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரிசெய்யலாம். உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே முதல் இரண்டையும் காலத்தில் கவனிக்க வேண்டும். மூன்றாவதைக் கெடாமல் காக்க வேண்டும்.

குறும்பியும் குடைச்சலும்

முகாமுக்கு வந்தவர்களில் பலர் "அழுக்கை எடுத்துவிடுங்கள்" என்றே வந்தார்கள். குறும்பி அழுக்கு அல்ல. தூசியையும் பூச்சியையும் தடுக்கக் காது தானே சுரக்கும் காவல். அது பெரும்பாலும் தானாகவே வெளியே நகர்ந்து உதிர்ந்துவிடும். கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, சாவி, பஞ்சு சுற்றிய குச்சி இவற்றால் குடையும்போது குறும்பி வெளியே வருவதில்லை. உள்ளேதான் போய் இறுகுகிறது. பிறகு ஒருநாள் தலைக்குக் குளித்தவுடன் அது ஊறிக் காது திடீரென அடைத்துக்கொள்ளும். மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடக்கூடிய ஒன்று இது.

அடுத்தது எண்ணெய். காது வலித்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். அன்போடு செய்வதுதான், ஆயினும் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போகும். சூடு அதிகமானால் தோல் வெந்துவிடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரக்காதில் காளான் படர்வது மிகச் சாதாரணம். தாங்க முடியாத அரிப்பும், நனைந்த காகிதம் போன்ற அழுக்கும் அதன் அடையாளம். அதற்கு வேண்டியது சுத்தம் செய்வதும் காளானுக்குரிய மருந்துமே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காதில் கடும் வலி வந்து இரவில் தூங்க முடியாமல் போனால், அதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. கிருமி எலும்பு வரை பரவக்கூடும்.

பிள்ளைகள் பயறு, புளியங்கொட்டை, மணி இவற்றைக் காதில் போட்டுக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பயறு ஊறிப் பெருத்துவிடும். கைக்கடிகாரத்தில் வரும் பொத்தான் போன்ற பேட்டரி உள்ளே போயிருந்தால் அது சில மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கும்; உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சீழ் வடியும் காது

இனி நம் ஊரின் பெரிய நோய்க்கு வருவோம். சளி பிடித்த குழந்தைக்கு இரவில் காதுவலி வருகிறது, வீறிட்டு அழுகிறது, விடியும்போது காதில் சீழ் கண்டு வலி நின்றுவிடுகிறது. "உடைந்துவிட்டது, இனி சரியாகிவிடும்" என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். நடந்தது என்னவென்றால், மூக்கிலிருந்து கிருமி குழல் வழியே நடுச்செவிக்கு ஏறிச் சீழ் பிடித்து, அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாக்காகவும் இருப்பதால் இது எளிதில் வருகிறது. குழந்தையை மட்டமாகப் படுக்க வைத்துப் பால் புகட்டாமல், தலையைச் சற்று உயர்த்திப் புகட்டுங்கள். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கிழிசல் ஆறிவிடும். கவனிக்காமல் விட்டால் ஓட்டை நிலைத்து, ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு குளியலுக்கும் காது ஒழுகிக்கொண்டே இருக்கும்.

முகாமின் முதல் நாளில் ஒரு பையன் வந்தான். ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. "மந்தம் சார், எதைச் சொன்னாலும் முழிப்பான்" என்றார் கூட வந்த ஆசிரியர், கெட்ட எண்ணத்தோடு அல்ல. இரண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை. மறைக்கல்வி வகுப்பிலும் அவனுக்குப் பாதிச் சொல்தான் கேட்டிருக்கிறது. எழுதிக் காட்டியபோது அத்தனை கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதினான். அந்த ஆசிரியர் அவன் தோளில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காது உலர்ந்தபின் ஓட்டையை அடைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அவனை அனுப்பியிருக்கிறோம். அதுவரை அவன் முதல் பெஞ்சில் உட்காருவான்.

வலியும் இல்லாமல் சீழும் இல்லாமல் நடுச்செவியில் பசைபோல் நீர் தேங்கிக் காது மந்தமாகும் பிள்ளைகளும் உண்டு. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, வாயைத் திறந்து தூங்குவது இவற்றைப் பார்த்தால் அடிக்குமுன் காதைச் சோதியுங்கள்.

அடி என்றவுடன் ஒரு வார்த்தை. கன்னத்தில் அறைவதாக நினைத்து ஓங்கும் கை காதில் விழுந்தால், அடைபட்ட காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும். பள்ளியில் உடல் தண்டனை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. வீட்டிலும் அந்தச் சட்டத்தை நாமே போட்டுக்கொள்வோம். அவ்வாறு கிழிந்தால் தண்ணீரோ எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாமல் மருத்துவரைக் காணுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும்.

ஒழுகும் சீழ் கொஞ்சமாகவும் கடும் துர்நாற்றத்தோடும் இருந்தால் அது ஆபத்தான வகையாக இருக்கலாம். அங்கே தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பையே அரிக்கும். முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைச்சுற்றல், கடும் தலைவலி, காய்ச்சல் இவை தோன்றினால் நோய் மூளையை நெருங்குகிறது என்று பொருள். இதற்குச் சொட்டு மருந்து போதாது. அறுவைச் சிகிச்சையே வழி.

கடலில் இறங்குவோருக்கு

முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கரை இது. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை என்றாலும், சங்கு குளிப்போர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, முதல் சில மீட்டரிலிருந்தே அடிக்கடி காதைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும். வலி வந்தால் மேலே ஏறிவிடுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு இறங்காதீர்கள். சளி இருக்கும் நாளில் குளிக்கவே வேண்டாம். நீருக்கடியில் செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே புகுந்தால், எது மேல் எது கீழ் என்று தெரியாத தலைச்சுற்றல் வரும். அது உயிருக்கே ஆபத்து.

சத்தம் என்னும் விஷம்

நாம் சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது பலர் ஏற்ற அளவு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் பதினைந்து நிமிடந்தான். விசைப்படகின் இயந்திரத்துக்கருகே ஆண்டுக்கணக்கில் நிற்பவர், வெல்டிங் பட்டறையில் தகடு தட்டுபவர், செல்போன் பாட்டை இரவெல்லாம் காதில் செருகிக்கொண்டிருக்கும் இளைஞர் எல்லாருக்கும் அழிவது அதே மயிரணுக்கள்தாம். வலிக்காது, சீழ் வராது. காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் மட்டும் முதலில் எச்சரிக்கும்.

இந்த இடத்தில் விழாக் குழுவினர் எங்களை மன்னிக்க வேண்டும். நம் திருவிழாவில் கொடிமரத்தைச் சுற்றிக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு அடியில் கைக்குழந்தையோடு தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்டுப் போடும் இடத்தில் சிறுவர்கள் ஓடி நிற்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சில விழா நாள்களுக்கு மட்டும் நள்ளிரவுவரை விலக்கு தரலாம். குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சட்டத்துக்குப் பயந்து அல்ல, நம் பிள்ளைகளின் செவிக்காக இதைக் கடைப்பிடிப்போம்.

பிறவிச் செவிடும் பிற கோளாறுகளும்

செவி கேளாமல் பிறந்த குழந்தை சிரிக்கும், விளையாடும். அதனால் இரண்டு மூன்று வயதுவரை யாருக்கும் தெரிவதில்லை. பேச்சு வராதபோதுதான் தெரிகிறது. "அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று மேலும் ஓராண்டு போகிறது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பொன்னான காலம் அது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே இன்று உலகம் ஏற்ற கணக்கு. பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் சோதிக்கலாம், வலியே இல்லை. கருவி பொருத்தியும் பயன் இல்லாத சிறு குழந்தைகளுக்கு உட்செவியில் கருவி பதிக்கும் அறுவைச் சிகிச்சை, தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை குழந்தையின் செவியைப் பறிக்கும். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017 பெப்ருவரியில் தமிழகத்திலும் நடைபெற்றது. இன்று அது குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளில் ஒன்று. தவறாமல் போடுங்கள். தாய்மாமன், அத்தை பிள்ளை என்று நெருங்கிய இரத்தத்தில் மணம் முடிப்பதும் பிறவிச் செவிட்டுக்கு ஒரு காரணம். திருச்சபைச் சட்டம் இத்தகைய மணத்துக்கு விலக்கு கேட்க வைத்திருப்பதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் காது கேளாத பிள்ளை இருந்தால், சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சில மருந்துகளும் செவியைக் கெடுக்கும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள் உயிர் காப்பவை. அவை போடும் காலத்தில் இரைச்சலோ மந்தமோ தள்ளாட்டமோ கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

நடுவயதுப் பெண்கள் சிலருக்கு அங்கவடி எலும்பு இறுகி அசையாமல் போகும். பிள்ளைப்பேற்றின்போது மந்தம் கூடியதாகச் சொல்வார்கள். 1956-இல் அமெரிக்காவில் ஜான் ஷே என்ற மருத்துவர் அந்த எலும்பை நீக்கிச் செயற்கை எலும்பு பொருத்திக் காட்டினார். இன்று அது வழக்கமான சிகிச்சை. படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுவதுபோல் வருவது பெரும்பாலும் உட்செவியின் நுண்படிகங்கள் இடம் மாறுவதால். தலையை முறைப்படி சாய்த்துத் திருப்பியே அதைச் சரிசெய்யலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரெனக் கேட்கவில்லை என்றால், குறும்பி என்று நீங்களாக முடிவுகட்டிக் காத்திருக்க வேண்டாம். நரம்பு பாதிப்பாயின் முதல் சில நாள்களிலேயே மருந்து தொடங்க வேண்டும். வாரங்கள் கடந்தால் வாய்ப்பும் கடந்துவிடும்.

முதியோர்

வயதாகும்போது முதலில் போவது உச்ச ஒலிகள். ஆகவே முதியவருக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. பெண்கள், குழந்தைகளின் குரல் இன்னும் சிரமம். "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று அவர்கள் சொல்வது உண்மை. அவர்களிடம் கத்தாதீர்கள். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். நடுவயதில் வரும் செவிக்குறையைக் கவனியாமல் விடுவது பிற்காலத்தில் மறதி நோய்க்கும் ஒரு காரணமாகலாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. கண்ணாடி போடுவதில் வெட்கப்படாத நாம், காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? பீத்தோவன் தம் ஒன்பதாவது சிம்பொனியை 1824-இல் அரங்கேற்றியபோது அவருக்குக் காது கேட்கவில்லை. செவி போனவர் அறிவு போனவர் அல்லர்.

இதை நம் திருச்சபை முன்னரே உணர்ந்திருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பேத்ரோ போன்சே தெ லெயோன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி காது கேளாத சிறுவர்க்குப் பேச்சும் எழுத்தும் கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தெ லெப்பே என்ற குருவானவர் அவர்களுக்கென இலவசப் பள்ளி நடத்தினார். நம் பங்கில் இருக்கும் காது கேளாதவர்கள் திருப்பலியில் தூணோரம் நின்றுவிட்டுப் போவது நமக்கு அழகா?

எங்கள் வேண்டுகோள்

பொன்விழா நினைவாக நான்கு காரியங்களைக் கேட்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 3-ஆம் நாள் வரும் உலகச் செவி நாளை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் காது சோதனை. ஆலயத்தில் முன்வரிசையில் சில இருக்கைகள் காது மந்தமானவர்களுக்கு; இயன்றால், கருவி அணிந்தோர்க்கு நேரடியாக ஒலி சேரும் கம்பி வளையம். திருவிழாவில் கூம்புக் குழாய்க்குப் பதில், தாழ்ந்த ஒலியில் பல சிறு பெட்டிகள். நான்காவதாக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவியும் அடையாள அட்டையும் பெற, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் இளைஞர் மன்றம் முன்வர வேண்டும்.

இவை எதுவும் பெரிய செலவு இல்லை. பெரிய செலவு எதுவென்று எங்கள் அம்மாவின் அறையில் நாங்கள் தெரிந்துகொண்டோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவரின் பின்னால் நின்று மெதுவாக ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் கோபப்படாமல், முன்னால் வந்து அமருங்கள். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.